சரக்கறைக்குள் ஓர் உடலுறுப்பு

நடக்க இயலாத ஒருவர் வானூர்தி ஏறும் முறையைப் பலர் அருகிருந்து கண்டிருக்கமாட்டார்கள். வானூர்தியின் வாயில்வரை அவர் தம் சக்கர நாற்காலியிலேயே வருகிறார். அங்கே அவரைத் தூக்கி, இருக்கை வரிசைகளுக்கு நடுவேயுள்ள ஒடுங்கிய வழியிற் செல்லத்தக்க சிறு நாற்காலி ஒன்றில் அமர்த்தி, வார்களால் கட்டி உள்ளே உருட்டிச் செல்கின்றனர். அவருடைய சொந்த நாற்காலியோ தரைக்கு இறக்கப்பட்டு, பயணப் பெட்டிகளோடு வரிசையில் நின்று, பட்டை ஏற்றியின் சரிவில் ஏறிச் சரக்கறைக்குள் புகுகிறது. சாளரத்தின் வழியே அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். பார்ப்பதன்றி அவரால் அப்போது வேறொன்றும் செய்ய இயலாது.

அந்த நாற்காலிக்கு எத்தகைய காப்புறை வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். கேட்பதற்கு எளிய வினா. பஞ்சு வைத்துப் பொதிந்து கட்டினால் போதாதா என்று தோன்றும். போதாது என்பதற்கு இயற்பியல் தரும் விடை மிக நுட்பமானது. பொதிந்து கட்டுவதே சில வேளைகளில் கேட்டுக்கு வழிவகுக்கிறது என்பதும் அவ்விடையின் ஒரு பகுதி.

முதலில் காக்கவேண்டிய பொருளை அறிந்துகொள்வோம். மருத்துவமனையில் நோயாளியைத் தள்ளிச்செல்லும் மடக்கு நாற்காலி வேறு. தண்டுவடம் அறுபட்டவரோ தசைச்சிதைவு நோயுற்றவரோ நாள்முழுதும் அமர்ந்திருக்கும் மின்னாற்றல் நாற்காலி வேறு. பின்னது ஒரே ஒருவரின் உடலுக்கென அளந்து அமைக்கப்படுவது. இருக்கையின் அகலம், முதுகுச் சாய்வின் கோணம், விலாவைத் தாங்கும் அணைகள், தலைத்தாங்கி, கால்தாங்கியின் நீளம் ஆகிய அனைத்தும் அவருடைய எலும்பையும் தசையையும் கருதிப் பொருத்தப்பட்டவை. மின்கலங்களோடு சேர்ந்து அதன் எடை 100 கிலோ முதல் 200 கிலோ வரை இருக்கும். விலையோ மேலைநாடுகளில் பல பத்தாயிரம் டாலர். கையால் உந்தும் நாற்காலிகளிலும் இப்பொருத்தம் இன்றியமையாதது. சென்னை ஐ.ஐ.டி.யில் தோன்றிய நியோமோஷன் நிறுவனம் ஆளுக்கேற்ற அளவில் நாற்காலி அமைத்துத் தருவது இக்காரணம் பற்றியே.

பொருத்தம் கெட்டால் என்ன ஆகும்? உணர்ச்சியற்ற உடல் தன்னை அழுத்தும் இடத்தை அறியாது. நாமெல்லாம் நாற்காலியில் அமர்ந்தபடி நம்மையறியாமலே சற்றுச் சற்று அசைந்துகொண்டிருக்கிறோம். அவ்வசைவு இல்லாதவரின் தோல், ஓரிடத்து எடையைத் தொடர்ந்து தாங்கிக் குருதியோட்டம் நின்று புண்ணாகிறது. 2021-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த மாற்றுத்திறனாளர் உரிமைச் செயற்பாட்டாளர் ஒருவரின் மின்னாற்றல் நாற்காலி வான்பயணத்தில் சிதைந்தது. தமக்குப் பொருந்தாத மாற்று நாற்காலியில் நெடுநேரம் அமர நேர்ந்ததால் அழுத்தப்புண் முற்றியது என்றும், அதன் தொடர்ச்சியாகச் சில திங்களில் அவர் உயிர் நீத்தார் என்றும் அவர் சார்ந்திருந்த அமைப்பு அறிவித்தது. ஆகவே ஒரு திருகு முறிவதைப் பொருட்சேதம் என்று மட்டும் கணக்கெழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

இத்தகைய சேதங்களைக் கணக்கெடுக்கும் கடமையை அமெரிக்கா 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வானூர்தி நிறுவனங்கள்மீது சுமத்தியது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டுப் பெரிய நிறுவனங்களின் கையில் 11,527 சக்கர நாற்காலிகளும் நடக்க இயலாதோர் ஊரும் சிறு மின்வண்டிகளும் உடைந்தோ, தாமதித்தோ, தொலைந்தோ போயின. நாளொன்றுக்கு முப்பதுக்கு மேல். ஏற்றிச்செல்லப்பட்டவற்றுள் நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு என்பதால் சிறிய விழுக்காடாகத் தோன்றும். ஆண்டுக்குப் பத்து முறை போய்வருபவருக்கு அது இருபது பயணம். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு அவருடைய நாற்காலிக்கு ஏதேனும் நேர்வதற்கு உண்டு.

உடைவது எங்கே, எவ்வாறு? வானத்தில் நேரும் குலுக்கலால் உடைவது குறைவு. தரையிலேதான் பெரும்பாலும் கேடு விளைகிறது; அதற்கான காரணத்தைச் சரக்கறைக் கதவின் உயரத்திலேயே காணலாம். போயிங் 737 வானூர்தியின் சரக்கறைக் கதவு ஏறத்தாழ 85 முதல் 90 சென்டிமீட்டர் உயரமே உடையது. ஏர்பஸ் ஏ320-க்கு அது ஏறத்தாழ 120 சென்டிமீட்டர். முதுகுப் பகுதி நிமிர்ந்த மின்னாற்றல் நாற்காலியோ ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும். முதுகு மடங்குமாயின் நல்லது. மடங்காவிடில், அல்லது மடக்கும் வகை தரைப்பணியாளருக்குத் தெரியாவிடில், அவர்முன் உள்ள வழி ஒன்றுதான்: நாற்காலியைப் பக்கவாட்டில் சாய்த்துக் கிடத்தி உள்ளே தள்ளுவது.

அந்த நொடியைச் சற்று நெருங்கி நின்று பார்ப்போம். நாற்காலியின் அடியில் மின்கலங்களும் மின்னோடிகளும் இருக்கின்றன. நிறை மையம் தாழ்ந்திருப்பதால் நிமிர்ந்து நிற்கையில் அது மிக உறுதியானது. சாய்த்துக் கிடத்தியவுடன் அவ்வுறுதி போய்விடுகிறது. பக்கவாட்டில் மிகுதியாகப் புடைத்து நிற்பது கைத்தாங்கியின் முனை; அதன் நுனியில் ஜாய்ஸ்டிக் எனப்படும் இயக்குகோல் இருக்கிறது. ஒரு விரலின் மெல்லிய தள்ளலை உணர்வதற்கென ஆக்கப்பட்ட கருவி அது. 150 கிலோ நாற்காலியின் எடையில் பாதி அதன்மேல் இறங்குவதாகக் கொள்வோம். விசை 735 நியூட்டன். கோலைத் தாங்கும் கரம் தன் திருகிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி நிற்குமாயின், அத்திருகின்மேல் ஏறும் முறுக்குவிசை 147 நியூட்டன் மீட்டர். மகிழுந்தின் சக்கரத் திருகுகளை இறுக்குவதற்குக்கூடப் பொதுவாக இவ்வளவு தேவைப்படுவதில்லை. கரம் வளைகிறது, அல்லது திருகு பிடுங்கிக்கொண்டு வருகிறது, அல்லது உள்ளிருக்கும் மின்சுற்று நொறுங்குகிறது. மற்ற உறுப்புகள் அனைத்தும் நலமாயிருந்தும் அந்த நாற்காலி இனி நகராது. எவரும் முரட்டுத்தனமாக எறியாமலே, மெல்லக் கிடத்தியபோதே இது நிகழ்ந்துவிடும்.

இனி வீழ்ச்சி. பட்டை ஏற்றியின் விளிம்பிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் 150 கிலோ நாற்காலி தரையில் விழுகிறது. அது கொண்டுவரும் ஆற்றல் 735 ஜூல். இவ்வாற்றல் எங்கேனும் செலவழிந்தே ஆகவேண்டும். எவ்வளவு தொலைவில் செலவழிகிறது என்பதே உடைவதையும் உடையாமையையும் முடிவுசெய்கிறது. இரும்புச் சட்டகம் கல்தரையில் மோதி 5 மில்லிமீட்டரில் நின்றுவிட்டால், தடுக்கும் விசையின் சராசரி 1,47,000 நியூட்டன். 15 டன் எடைக்கு நிகர். அதே நாற்காலி 5 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் விசை பத்தில் ஒன்றாகி ஒன்றரை டன்னுக்கு இறங்கும். மெத்தைப் பொருளின் பணி முழுவதும் இந்தத் தொலைவை ஈட்டித் தருவதே.

தென்னந்தோப்பில் தேங்காய் விழும் ஓசையைக் கேட்டவர்கள் இதைக் கண்முன்னே கண்டவர்கள். இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும் உள்ளே ஓடு பெரும்பாலும் வெடிப்பதில்லை. வெளியே நார்மட்டை நசுங்கித் தொலைவை ஈட்டுகிறது. உள்ளே கடினமான ஓடு, எஞ்சிய விசையைத் தன் வளைவு முழுதும் பரப்பிவிடுகிறது. மெத்தை வெளியே, வன்மை உள்ளே என்னும் இவ்வரிசையை நாற்காலி உறை வடிவமைப்பவர் மறவாதிருக்கவேண்டும். வன்பெட்டியை வெளியே வைத்து நாற்காலியை உள்ளே தளர்வாக வைத்தால், பெட்டி தரையில் மோதியபின் நாற்காலி பெட்டிச் சுவரில் மோதும். இரண்டாம் மோதலை வெளியிலிருந்து எவரும் காணமாட்டார்; பெட்டியில் கீறல்கூட இருக்காது.

ஆயினும் தேங்காய்க்கு இல்லாத ஓர் இடர் நாற்காலிக்கு உண்டு. தேங்காய் எந்தக் கதவுக்குள்ளும் புகவேண்டியதில்லை. நுரைப்பஞ்சு தன் தடிமனில் மூன்றில் இரண்டு பங்களவு அமுங்கியபின் கல்லாகிவிடும். எனவே 5 சென்டிமீட்டர் அமுக்கம் வேண்டுமெனில் 7 அல்லது 8 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும். மேலும் கீழும் அதைச் சுற்றினால் நாற்காலியின் உயரம் 15 சென்டிமீட்டர் கூடுகிறது. மடக்கிய நிலையில் 80 சென்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலி 737-இன் கதவில் நிமிர்ந்தவாறே நுழைந்திருக்கும். பஞ்சு சுற்றியபின் 95 சென்டிமீட்டராகி நுழையாது. நுழையாததால் பணியாளர் அதைச் சாய்ப்பார். காப்பதற்கெனச் சுற்றிய பஞ்சே கவிழ்ப்பதற்குக் காரணமாகிறது! இம்முரணை எண்ணிப் பாராமல் தைக்கப்படும் உறைகள் வீட்டு முற்றத்தில் அழகாயிருக்கும், வானூர்தி நிலையத்தில் பயன்படா.

ஆகவே காப்புறையின் முதற்கடமை மெத்தென்றிருப்பதன்று, விசைக்கு வழிகாட்டுவது என்பது என் துணிபு. நாற்காலியில் வலுவான உறுப்பும் உண்டு, நொய்ந்த உறுப்பும் உண்டு. அடிச்சட்டகம் வலிது, நாள்தோறும் மனித எடையைத் தாங்கிப் பள்ளமேடுகளில் ஓடுவது. பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 7176-இன் எட்டாம் பகுதி, சட்டகத்தை இரு சுழல் உருளைகளின்மேல் 2,00,000 சுற்றும், 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 6,666 முறை வீழ்த்தியும் சோதிக்கச் சொல்கிறது. அத்தனையும் தாங்கிய சட்டகத்தின் மேல் வரும் விசையை அதுவே ஏற்கட்டும். இயக்குகோலுக்கும் தலைத்தாங்கிக்கும் அவ்விசை செல்லாதபடி தடுப்பதே உறையின் வேலை.

எவ்வாறு? இயக்குகோலுக்குப் பஞ்சு சுற்றுவதைவிட அதன்மேல் ஒரு பாலம் அமைப்பது நன்று. வளைந்த வன்பிளாஸ்டிக் அல்லது கரிம இழைத் தகடு, இருபுறமும் சட்டகக் குழாயைப் பற்றி நின்று, இடையே கோலைத் தொடாமல் ஒரு விரற்கடை இடைவெளி விட்டுக் கவிந்திருக்கவேண்டும். மேலே என்ன விழுந்தாலும் விசை பாலத்தின் கால்கள் வழியே சட்டகத்துக்கு இறங்கிவிடும். தகட்டின் வெளிப்புறத்தில் மெல்லிய நுரைப்பஞ்சு இருந்தால் போதும். மெல்ல அழுத்தினால் குழைந்தும், வேகமாக மோதினால் இறுகியும் நிற்கும் தடிப்பேறு பொருள்கள் இப்போது இருசக்கர வண்டியோட்டிகளின் மேலாடைகளில் முழங்கைக் காப்பாக வருகின்றன. இடம் குறைந்த இவ்விடத்துக்கு அவை மிகப் பொருந்தும். கோலைக் கழற்ற முடியுமெனில் கழற்றிப் பயணி தம்முடனே கொண்டுசெல்வது இவை எல்லாவற்றினும் சிறந்தது. மின்வடத்தின் முனையைத் துணியால் மூடி ஒட்டுப்பட்டையால் சட்டகத்தில் கட்டிவிட வேண்டும். தொங்கும் வடம் சக்கரத்தில் சிக்கி அறுபடுவது உண்டு.

கட்டும் இடமும் ஆய்வுக்குரியதே. சரக்கறையில் நாற்காலியை வலைக்கும் தரைக்கும் இழுத்துக் கட்டுகையில் கைக்கெட்டிய இடத்தில் வாரை மாட்டுவது இயல்பு; கைக்கெட்டும் இடமோ கைத்தாங்கி. உந்துகளில் அமர்ந்தபடி பயணம்செய்யத் தகுந்தவை என்று சோதிக்கப்பட்ட நாற்காலிகளில் நான்கு பற்றுமிடங்கள் சட்டகத்திலேயே கொக்கிக் குறியுடன் அமைந்திருக்கின்றன. மணிக்கு 48 கிலோமீட்டர் மோதலைத் தாங்கும்படி ஆக்கப்பட்டவை அவை. நல்ல உறை அந்நான்கு இடங்களிலும் திறப்பு விட்டு, ஒவ்வொன்றையும் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் வண்ணத்தால் சூழ்ந்திருக்கும். தூக்குவதற்கு உரிய கைப்பிடிகளும் அவற்றின் அருகிலேயே தைக்கப்பட வேண்டும். மனிதர் கைப்பிடி உள்ள இடத்தில்தான் தூக்குவர்.

காற்றழுத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். பறக்கையில் வானூர்தியின் உள்ளழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரமுள்ள மலைமேல் இருப்பதற்கு ஒப்பாகக் குறையலாம். நம் உதகமண்டலத்தைவிடச் சற்றே மிகுந்த உயரம். கடல்மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் இருந்த அழுத்தம் அங்கே 75 அளவுக்கு இறங்கும். சக்கரக் குழாயின் காற்றை இதற்கஞ்சி இறக்கிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது தேவையற்றது, 250 கிலோபாஸ்கல் ஏற்றிய சக்கரத்துக்குக் கூடுதலாக வருவது அதன் பத்தில் ஒரு பங்கே. காற்றிறங்கிய சக்கரத்தில் 150 கிலோவை உருட்டுவதுதான் கேடு. ஆனால் புண் வராமல் தடுக்கும் காற்றறை மெத்தையின் நிலை வேறு. அதனுள் மிகக் குறைந்த அழுத்தமே இருப்பதால், உள்ளிருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு விரிய முயன்று மெத்தை விறைக்கிறது. பறக்கையில் அதன்மேல் அமர்ந்திருப்பவர் காற்றைச் சிறிது விட்டால், தரையிறங்கியபின் மெத்தை சூம்பி எலும்பு அடித்தளத்தைத் தொடும். தரையிறங்கியதும் கையை உள்ளே நுழைத்து இடைவெளியைப் பார்த்து மீண்டும் காற்றேற்றுவது உயிர்காக்கும் செயல். மெத்தையைச் சரக்கறைக்கு ஒருபோதும் அனுப்பக்கூடாது. உறையோடு தனிப்பை ஒன்று தந்து, அதை உள்ளே எடுத்துச்செல்லும்படி வடிவமைப்பாளரே நினைவூட்டலாம்.

மின்கலத்தின் விதிகள் கடுமையானவை, தெளிவானவையும்கூட. கழற்றத்தக்க லித்தியம் மின்கலம் ஒன்றாயின் 300 வாட்மணிக்கு மிகாமல், கழற்றிப் பயணி தம்மோடு கொண்டுசெல்லவேண்டும் என்பது வழக்கில் உள்ள பன்னாட்டு நெறி. கழற்ற இயலாத வகை சட்டகத்துக்குள்ளேயே காப்போடு இருக்கலாம். எதுவாயினும் எந்த வகை மின்கலம் என்பதை உறையைப் பிரிக்காமலே படிக்கும்படி வெளியே எழுதியிருக்கவேண்டும். ஐயமுற்ற பணியாளர் உறையைக் கிழித்துப் பார்ப்பார்; அல்லது நாற்காலியை ஏற்றவே மறுப்பார். இரண்டுக்கும் அவரைக் குறைகூற முடியாது.

இங்கே நாம் பொறியியலின் எல்லையைக் கடந்து மனிதனிடம் வருகிறோம். அந்நாற்காலியைக் கையாளுபவர் மழையிலும் வெயிலிலும் வானூர்தி நிறுத்துதளத்தில் நின்று, புறப்பாட்டுக்குச் சில நிமிடமே எஞ்சியிருக்க, நூறு பெட்டிகளுக்கு நடுவே இதை ஏற்றுகிறார். இப்படியொரு நாற்காலியை அவர் இதற்குமுன் கண்டிராமலும் இருக்கலாம். மின்னோடியைச் சக்கரத்திலிருந்து விடுவிக்கும் இரு நெம்புகோல்கள் அடியில் இருக்கின்றன என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாவிடில் பூட்டிய சக்கரங்களோடு இழுப்பார், பற்சக்கரங்கள் தேயும். தெரிந்து விடுவித்தவர், உள்ளே வைத்தபின் மீண்டும் பூட்ட மறந்தால், நாற்காலி சரக்கறைக்குள் தானே உருண்டு மோதும். ஆகையால் அந்நெம்புகோல்களுக்கு நேரே உறையில் ஒளிபுகும் சாளரமும், விடுவித்தல், உருட்டல், பூட்டல் என்பவற்றைக் காட்டும் படங்களும் வேண்டும். எழுத்தைவிடப் படம் நன்று. எந்நாட்டுத் தொழிலாளிக்கும் விளங்கும். பயணி எழுத்தில் தரும் குறிப்புகளை இயன்றவரை பின்பற்றவேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. குறிப்பு ஒரு தாளாய் இருந்தால் காற்றில் பறந்துபோகும், உறையிலேயே அச்சிட்டால் நாற்காலியோடு போய்வரும். முழுதும் மூடிய கருநிற உறை மற்றொரு தீமையும் செய்கிறது. உள்ளிருப்பது இன்னதென்று தெரியாத பொதி பெட்டிகளுள் ஒன்றாகி, அதன்மேல் வேறு பெட்டிகள் ஏறும். இது ஒரு மனிதரின் கால் என்று பார்த்தவுடன் தெரியவேண்டும்.

2024 டிசம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, நாற்காலிகளைக் கையாளும் பணியாளர்க்கு ஆண்டுதோறும் செயன்முறைப் பயிற்சி தரவேண்டும் என்பதை உள்ளடக்கிய விதியை வெளியிட்டது. அதன் சில கூறுகளை நடைமுறைப்படுத்துவது அடுத்த ஆண்டே தள்ளிவைக்கப்பட்டது. வருத்தத்துக்குரிய செய்தி. பயிற்சி இல்லாத கையில் மிகச் சிறந்த உறையும் பாதிப் பயனே தரும்.

நாற்காலியைச் சரக்கறைக்கு அனுப்பாமலே இருக்க இயலாதா என்ற வினா எழுவது முறையே. 2021-இல் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகங்களின் குழு இதை ஆராய்ந்து, பயணியர் அறையிலேயே நாற்காலியைப் பூட்டிப் பறப்பதற்கு வெல்லமுடியாத தொழில்நுட்பத் தடை எதுவும் தென்படவில்லை என்று முடிவுரைத்தது. புவியீர்ப்பு முடுக்கத்தின் 16 மடங்கை முன்னோக்கித் தாங்கவேண்டும் என்பது வானூர்தி இருக்கைக்கான விதி; உந்துகளுக்கெனச் சோதிக்கப்படும் நாற்காலிகள் 20 மடங்கு அளவிலான மோதலைக் கடந்து வருகின்றன. மோதலின் வடிவும் நேரமும் இரண்டிலும் வேறு என்பதால் இவ்வெண்களை நேரே ஒப்பிட்டு முடிவுசெய்துவிட முடியாது. நம்பிக்கைக்கு அவை போதும். 2023-இல் ஜெர்மனியின் ஹம்பர்க் கண்காட்சியில் டெல்டா வானூர்தி நிறுவனத்தின் துணைநிறுவனம், அடியிருக்கை மடங்கி நாற்காலிக்கு இடம்விடும் ஏர்ஃபோர்ஆல் வடிவமைப்பின் முன்மாதிரியைக் காட்டியது. அது வரவேண்டும், வரும்வரை உறை வேண்டும்.

இழப்பீட்டைப் பற்றியும் பயணிகள் அறிந்திருத்தல் நலம். அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் நாற்காலி அழிந்தால் அதன் தொடக்க விலை அளவுக்கு ஈடு கிடைக்கும். நாடுவிட்டு நாடு செல்கையில் பொருந்துவது 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை; இந்தியாவும் அதில் இணைந்துள்ளது. அவ்வுடன்படிக்கையில் நாற்காலிக்கெனத் தனியிடம் இல்லை. அது பயணப் பொதி. இழப்பீட்டின் உச்சவரம்பு, 2024 டிசம்பர் இறுதியிலிருந்து, 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகுகள். ஏறத்தாழ 2,000 டாலர். பயணி பொதியை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைத் தனியே அறிவித்து, கேட்கப்படும் கட்டணத்தைச் செலுத்தினால் இவ்வரம்பு உயரும். எனவே அயல்நாடு செல்வோர் அம்மதிப்பறிவிப்பை எழுத்தில் தந்து ஒப்புகை பெறுக. ஒப்படைக்கும் முன் நாற்காலியை நாற்புறமும் படமெடுத்துக்கொள்க.

நம் நாட்டில் சக்கர நாற்காலி செய்வோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மடக்கிய நிலையில் நாற்காலியின் உயரம், அதன் எடை, தூக்குவதற்கும் கட்டுவதற்கும் உரிய இடங்கள் ஆகியவற்றை விளக்கக் கையேட்டின் உட்பக்கத்தில் புதைத்துவிடாமல், சட்டகத்தின் மேலேயே அழியாதபடி பொறித்துத் தாருங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு சிறு தகடு.